ரெண்டு போடு

காசிமேட்டில் விடியாத மூன்று மணி.
ஐஸ் மிஷின் கரகரக்கும்.
போட்டு இன்ஜின்கள் புகையைத் துப்பும்.
ஒரு கூடை சங்கராவுக்கு
இருபது தொண்டை கிழியும்.
மீனைவிடச் சத்தம்தான்
இங்கே அதிகம் விலைபோகும்.

அந்தச் சத்தத்தின் நடுவில் நிற்பாள்
காது கேளாத தமயந்தி.
பேர் அப்போது எங்களுக்குத் தெரியாது.
ஊமச்சி என்றோம்.
கூப்பிட்டால் திரும்பாதவளுக்குக்
கூப்பிட ஒரு பேர் வைத்து
ஒன்பது வருஷம் கூப்பிட்டோம்.

ஏலம் அடங்கிய பிறகுதான் குனிவாள்:
வயிறு உடைந்த கவளை,
கண் வெளுத்த கானாங்கத்தை,
யாரும் விலை கேட்காத மிச்சம்.
அதைத் தூக்கிக்கொண்டு கல்மண்டபம் தாண்டி
கொருக்குப்பேட்டை கேட் வரை நடப்பாள்.
"பாவம், அவளுக்கும் ரெண்டு போடு" என்று
நானும் அள்ளிப் போட்டிருக்கிறேன்.
அன்றைக்கெல்லாம் என் கை
எனக்கே மணக்கும்.

தடைக்காலம் முடிந்த முதல் ராத்திரி.
படகுகள் முட்டிக்கொண்டு நின்றன.
ஏலம் கூவும் தேசப்பன் முன்னால்
நேராகப் போய் நின்றாள்.
ஈரக் கையால் அவர் வாயைப் பொத்தினாள்.
மற்ற கையால் அவர் விரல்களைப் பிடித்து
ஒவ்வொன்றாய் நிமிர்த்தினாள்.
எத்தனை?
இதில் சொல்லு.

கெட்ட வார்த்தைக்குப் பேர்போன மனுஷன்.
வாய் அடைபட்டதால்
வார்த்தை வெளியே வரவில்லை.
விரல்தான் வந்தது.
தலைக்கு மேலே என்றால் ஆயிரம்,
நெஞ்சுக்கு நேரே நூறு,
மடக்கிய சுண்டுவிரல் ஐம்பது.
நின்ற நிற்பில் உண்டான கணக்கு.
மேலே இரண்டு, நெஞ்சில் மூன்று,
மடக்கிய சுண்டுவிரல்:
அந்தக் கூடை சங்கரா தமயந்திக்கு.

ரசீதில் அவள் கையெழுத்துப் போட்டாள்.
முத்து முத்தாய் நாலு எழுத்தும் ஒரு புள்ளியும்.
கைநாட்டுக்காரி நான்,
தேசப்பன்தான் படித்துச் சொன்னார்.
அவள் பேரை அப்படித்தான் கேட்டோம்.

சண்டை வராமலா?
"ஒருத்திக்காக ஏலத்தையே மாத்துவியா?"
எகிறியது நான்தான், வேறு யாருமில்லை.
பாவம் பார்த்த வரைக்கும்
எனக்குச் செலவில்லை.
போட்டிக்கு வந்தாள்,
கூடைக்கு இருநூறு ஏறிவிட்டது.

ஆனாலும் விரல் நின்றுவிடவில்லை.
தேசப்பனுக்குத் தொண்டை கட்டிய வாரம்
விரல்தான் ஏலம் விட்டது.
தமிழ் புரியாத ஆந்திரா வியாபாரி
விரலைப் பார்த்து எடுத்தார்.
கடைசி வரிசையில் நின்ற எனக்கும்
முதல் தடவையாக
விலை தப்பாமல் வந்து சேர்ந்தது.
இருபது வருஷ இன்ஜின் சத்தத்தில்
என் இடது காது போயிருந்ததை
அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை.
அவளுக்கு மட்டும் தெரியும்.
பேசுகிறவர் பக்கம் நான் வலது கன்னத்தைத் திருப்புவதை
என்னைக்கோ பார்த்து வைத்திருக்கிறாள்.

இப்போது கொஞ்சம் அவள் பாஷை பேசுவேன்.
கொச்சையாகத்தான்.
எங்கள் எல்லாருக்கும் அவள்
கையில் ஒரு பேர் வைத்திருக்கிறாள்.
தொண்டையில் படபடக்கும் இரண்டு விரல், தேசப்பன்.
காதோரம் பீடி செருகினால், ஐஸ் உடைக்கும் யோவான்.
"எனக்கு?" என்று கேட்டேன்.

சிரித்தாள்.
சொல்லமாட்டேன் என்று தலையாட்டினாள்.
விடவில்லை நான்.

இரண்டு விரலால் எதையோ கிள்ளி எடுத்து
முகத்தைத் திருப்பிக்கொண்டு
கீழே போட்டாள்.

ஒன்பது வருஷமாய்
அதுதான் என் பேர்.

மாத்தக் கூடாதா என்று
விரல் தடுக்கத் தடுக்கக் கேட்டேன்.
என்னைப் பார்த்தாள்.
என் கூடையைப் பார்த்தாள்.
பிறகு என் தோளுக்கு மேலாகப் பார்த்து
சட்டென்று கையை உயர்த்தினாள்,
மூன்று விரல், தலைக்கு மேலே.

நான் எதிரில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில்
என் முதுகுக்குப் பின்னால்
அடுத்த கூடை
ஏலத்துக்கு வந்திருந்தது.